திருப்பிப் பார்க்காத அட்டை

உன் கைப்பையின் பாச்சை உருண்டை வாசனை காலையிலிருந்து என் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்த உன் மகள் ஷீபா உன் அலமாரியை ஒதுக்கியிருக்கிறாள். "ஆன்டி, இது அம்மைக்க பேக்குல இருந்தது. உங்க கையெழுத்து அல்லியோ, நீங்களே வச்சிக்கிடுங்கோ" என்று ஒரு சின்ன நீல உறையைத் தந்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஓடிவிட்டாள். பிரித்தேன். நான் எழுதிய வாக்குத்தத்த அட்டை. வசனம் உள்ள பக்கம் மேலே தெரிகிறது. பின்பக்கத்தை இன்னும் பார்க்கவில்லை.

பார்க்கப் பயமாக இருக்கிறது. இரண்டு தடவை டீ போட்டேன், இரண்டும் ஆறிப்போயிற்று. பாலைப் பொங்கவிட்டு அடுப்பைத் துடைத்தேன். அறுபத்திரண்டு வயதுக்காரி ஓர் அட்டையைத் திருப்பிப் போட முடியாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறேன். நீ இருந்தால் "என்னத்துக்குடி இந்த வெப்ராளம்?" என்று என் பதற்றத்தைப் பார்த்துக் கேட்டிருப்பாய். எல்லாம் உன்னால்தான்.

புத்தாண்டு காலை ஆராதனையில் வீட்டுக்கு ஓர் அட்டை எடுப்பது நம் சபையின் வழக்கம். உறைக்குள் ஒரு வசனம் இருக்கும். எது வருகிறதோ அதுதான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் அந்த வீட்டுக்குத் தந்த வாக்கு. ஃபிரிட்ஜில் ஒட்டுவார்கள், கார் கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்கவிடுவார்கள். அந்த அட்டைகளைச் செய்கிற வேலை பெண்கள் சங்கத்தில் நம் இருவருடையது. டிசம்பர் முதல் வாரம் ஆரியசாலைக் கடைத்தெருவுக்குப் போய், மொத்தக் கடையில் கலர் பேப்பரும் அட்டையும் வாங்கி, நீ பேரம் பேசுவதைக் கேட்கச் சகிக்காமல் நான் தள்ளி நின்றுகொண்டிருப்பேன்.

நீ முப்பது வருஷம் அரசாங்க ஆபீஸில் தபால் பிரிவில் இருந்தவள். வேதத்தைப் படிக்கிறபோதும் அந்த ஆபீஸ் புத்தி உன்னை விட்டதில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் உன் வீட்டில் நடக்கிற வேதப் படிப்பில் தமிழ், மலையாளம், இங்கிலீஷ் மூன்று வேதத்தையும் விரித்து வைத்துக்கொண்டு, யாராவது ஒரு வசனத்தைச் சொல்லி உருகினால் உடனே மறிப்பாய். "தேதியும் விலாசமும் இல்லாத கடுதாசிய எந்த ஆபீஸ்லயாவது எடுப்பாங்களா? ஆரு எழுதினா, ஆருக்கு, எப்பம், எதுக்கு? அத மொதல்ல சொல்லு." மேலே பத்து வசனம், கீழே பத்து வசனம் வாசிக்காமல் நடுவில் ஒன்றைப் பிய்த்து எடுக்க உன் வீட்டில் யாருக்கும் அனுமதி கிடையாது.

அட்டைகளின் பின்பக்கத்திலும் அந்த நாலு கேள்விக்குப் பதில் எழுதவேண்டும் என்று நீ பிடித்த பிடி இருக்கிறதே! சபைச் செயலாளர் தலையில் கைவைத்தார். "அக்கா, ஜனங்க வருஷத்துல ஒரு நாள் சந்தோஷத்துக்கு எடுக்குதாங்க. பின்னால சரித்திரம் எழுதிப் பயமுறுத்தணுமா?" நீ விடவில்லை. "மின்பக்கம் சந்தோஷம் இருக்கட்டு தம்பி. பின்பக்கம் உள்ளது உள்ளபடி இருக்கட்டு." கடைசியில் அவர்தான் இறங்கிவந்தார். அப்புறம் வருஷாவருஷம் முன்பக்கம் நான் எழுதுவேன், பின்பக்கம் நீ எழுதுவாய். ஒரு பின்பக்கத்தைக்கூட நீ வெறுமையாக விட்டதில்லை. அதனால்தான் எனக்குப் பயம்.

எரேமியா பாபிலோனுக்கு எழுதிய கடிதத்தை நீ நடத்திய செவ்வாய்க்கிழமை நினைவிருக்கிறது. உங்களுக்கு நான் நினைப்பது தீமையல்ல, சமாதானமே என்று ஆண்டவர் சொல்கிற அந்த வசனம், நம் வீடுகளில் பாதிச் சுவரில் மாட்டியிருக்கிறது. நீ அதற்கு மேலே போனாய். ஊரைவிட்டுப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட ஜனம். இரண்டு வருஷத்தில் எல்லாரும் வீடு திரும்பலாம் என்று அனனியா என்ற ஒருவன் ஆலயத்தில் நின்று சொல்லியிருந்தான். எரேமியாவோ எழுபது வருஷம் என்று எழுதுகிறான். "ஆர் சொன்னது எல்லாருக்கும் பிடிச்சிருக்கும்? அனனியா சொன்னதுதான், கேட்டியளா? ஆனா அவன் சொன்னது பொய்யி. கடுதாசிய வாசிச்சதுல வயசான ஆளு ஒருத்தரும் திரும்பி வந்திருக்க மாட்டாங்க. அவங்களுக்கும் சேத்துத்தான் இந்த வசனம்." மற்றவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். எனக்கு மட்டும் உன்மேல் எரிச்சலாக வந்தது. சுவரில் மாட்டியதைக் கழற்றச் சொல்வதுபோல இருந்தது.

அதன்பிறகு உனக்கு வியாதி வந்தது. டாக்டர் ஒளிக்காமல் உன்னிடமே சொல்லிவிட்டார். மழைக்காலம் வரை இருந்தால் பெரிது. அந்த டிசம்பரில் மருந்து உன் விரல்களை மரத்துப்போகப் பண்ணியிருந்தது. பேனா பிடிக்க முடியவில்லை. இரண்டு பக்கத்தையும் நானே எழுதினேன், நீ பக்கத்தில் படுத்துக்கொண்டு சொல்லச் சொல்ல. ஓர் அட்டையை மட்டும் உனக்குத் தெரியாமல் என் வீட்டில் எழுதினேன். முன்பக்கம் அந்த எரேமியா வசனம். பின்பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

புத்தாண்டு அன்று நீ எழுந்து வரமுடியாமல் முதல் வரிசையில் இருந்தாய். அட்டைகள் வைத்த தட்டை நான்தான் உன்னிடம் கொண்டுவந்தேன். நீல உறையை மேலே வைத்து, உன் விரலுக்கு நேரே தள்ளினேன். எடுத்தாய். பிரித்து வாசித்தாய். திருப்பினாய். வெற்றுப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். "ஆண்டவர் உனக்குன்னே தந்ததுடீ. சுகமாயிருவ, பாரு" என்றேன். ஆண்டவர் பேரைச் சொல்லி, ஆலயத்துக்குள் நின்று, உன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அனனியா செய்ததைத்தான் நானும் செய்தேன். நீ "செரி" என்று மட்டும் சொல்லி, அதைப் பைக்குள் வைத்துக்கொண்டாய்.

பிப்ரவரியில் திடீரென்று "வித்துரா வரைக்கும் போவணும், காரை எடு" என்றாய். சந்தை தாண்டிக் கல்லாறு போகிற வழியில் ஒரு நர்சரி. மாங்கோஸ்டீன் கன்று வேண்டும் என்றாய். நர்சரிக்காரர் உன் தலையில் கட்டியிருந்த துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அம்மச்சீ, இது காய்க்கான் எட்டு பத்து கொல்லம் எடுக்கும், கேட்டோ. பேரயோ மற்றோ தரட்டே?" காய்க்கப் பத்து வருஷம் ஆகுமாம், கொய்யா தரட்டுமா என்கிறார் அந்த நல்ல மனிதர். நீ சிரித்தாய். "இது மதி" என்றாய், இதுவே போதும் என்று.

நான் காருக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். ஐயோ, இவள் நம்பிவிட்டாளே! பத்து வருஷம் இருப்போம் என்று கணக்குப் போடுகிறாளே! வருஷக்கணக்காக எங்கள் எல்லாருக்கும் வாசிக்கக் கற்றுத்தந்தவளை, அவள் சாகிற நேரத்தில் ஏமாற்றிவிட்டேனே என்று இருந்தது. உன் வீட்டுக் கிணற்றடியில் நீ சொல்லச் சொல்ல நான்தான் கன்றுக்குக் குழி தோண்டினேன். உண்மையைச் சொல்ல ஒவ்வொரு நாளும் வாயெடுத்தேன், வரவில்லை. ஜூன் மழையில் நீ போய்விட்டாய்.

நாலு வருஷமாக எரேமியா வந்தால் அந்த அதிகாரத்தைத் தாண்டிப் போய்விடுகிறேன். யாராவது கேட்டால் தலைவலி என்கிறேன். மன்னிப்புக் கேட்கலாம் என்றால் நீ இல்லை. ஜெபத்தில் ஆண்டவரிடம் கேட்டாயிற்று, அவர் மன்னித்திருப்பார். எனக்கு உன்னிடம்தான் கேட்கவேண்டும். இந்த வருஷ அட்டைகளும் மேசையில் கிடக்கின்றன. செயலாளர் நேற்று போனில், "அக்கா, இந்த வருஷமும் பின்பக்கம் வேண்டாமே, இப்ப எழுதுறதுக்கும் ஆளில்ல" என்றார். பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நாலு தடவை எழுந்து போய்விட்டு வந்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தால் நீ என் பொய்யை நம்பியே போயிருக்கிறாய். இனி அதை யாராலும் மாற்ற முடியாது. சரி. திருப்பிவிட்டேன்.

பென்சில். மரத்துப்போன கையால் எழுதிய கோணல் எழுத்து. அங்கங்கே அட்டை கிழியும்படி அழுத்தியிருக்கிறாய்.

"எழுதியது: எரேமியா. யாருக்கு: ஊர் திரும்பாமலே சாகப்போகிறவர்களுக்கும். எப்போது: எழுபது வருஷம் ஆகும் என்று சொன்ன அதே கடிதத்தில். எதற்கு: அதுவரை வீடு கட்டு, மரம் நடு என்று சொல்ல."

அதற்குக் கீழே இன்னும் சின்ன எழுத்தில்:

"தட்டில் மேலே வைத்தது: என் கூட்டுக்காரி. கை நடுங்கிற்று, பாவம்."

பாவி! தெரிந்துதான் இருந்ததா? அன்றைக்கே தெரிந்துதான் "செரி" என்றாயா? நர்சரியில் நான் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தபோது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நாலு வருஷம்டீ! என்னைத் தூங்கவிடாமல் பண்ணிவிட்டு, பதிலைப் பைக்குள் பூட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். கோபம் கோபமாக வருகிறது. அழுகையும் வருகிறது. உன் வீட்டுக்குப் போய் அந்தக் கன்றைப் பார்த்துவிட்டு வந்தேன். இடுப்பளவுதான் வந்திருக்கிறது. காய்க்க இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும், நான் பார்ப்பேனோ என்னவோ. இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன்.

செயலாளருக்குப் போன் செய்து, பின்பக்கம் எழுத ஆள் உண்டு என்று சொல்லிவிட்டேன். நீ கேட்கிற நாலு கேள்வியை இந்தக் கடிதத்திடமும் கேட்டுப் பார்த்தேன். எழுதியது நான். எழுதியது எதற்கு என்று உனக்குத் தெரியும். தேதி போட்டாயிற்று. பெறுநர் இடத்தில் உன் பெயரை எழுதியிருக்கிறேன். விலாசம் மட்டும் தெரியவில்லை. இந்த ஒரு தடவை திருப்பி அனுப்பாதே.