முந்தி அவிழ்ந்த முடிச்சு

ஆட்டம் முழுக்கப் பார்த்துவிட்டுக் கடைசி ஓவரை மட்டும் ஒருநாளும் பார்க்காத என் அம்மாவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் முழங்கால் வலி இல்லை என்று நம்புகிறேன். இங்கே ஆவூரில் எல்லோரும் சுகம். உன் மருமகள் ஸ்டெல்லா அதே பள்ளிக்கூடத்தில்தான் டீச்சராக இருக்கிறாள். உன் பேத்தி பிரின்சி திருச்சியில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். எனக்கு முன்மண்டையில் முடி போய்விட்டது. நீ இருந்திருந்தால் கேலி செய்தே என்னை ஒரு வழி பண்ணியிருப்பாய்.

மூன்று வருஷமாக ஒரே கேள்விதான் எனக்கு. அன்றைக்கு நாம் ஜெயித்தது உனக்குத் தெரியுமா? தெரிந்துகொண்டு போனாயா, தெரியாமலே போனாயா? போன ஞாயிற்றுக்கிழமை அதற்குப் பதில் கிடைத்தது. கிடைத்த விதத்தை நினைத்தால் இப்போது எழுதும்போதும் உடம்பு சிலிர்க்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மற்றவர்களும் படிக்கட்டும், பரவாயில்லை.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு அப்போது பத்து வயசு. சத்துணவுக் கூடத்தில் சமையலை முடித்துவிட்டு வந்து, ஈரக் கையோடு டிவி முன்னால் உட்கார்ந்தாய். உட்கார்ந்ததும் ஒரு விக்கெட் விழுந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாய். இன்னொன்று விழுந்தது. "நீ வந்தாலே விக்கெட் விழுது. அங்கிட்டுப் போம்மா!" என்று கத்தினேன். நீ கோபப்படவில்லை. கொல்லைப்புறம் போய்த் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாய். அன்றைக்கு என்று பார்த்து ஜெயித்துத் தொலைத்தார்கள்.

அதோடு அது நம் வீட்டுச் சட்டமாகிவிட்டது. மற்ற நேரமெல்லாம் மீன் அரிந்துகொண்டே பார்ப்பாய். "ஸ்லிப்புல ஆளு நிறுத்தாம இவனெல்லாம் என்ன கேப்டனு" என்று திட்டுவாய். கடைசி ஓவர் வந்ததும் சேலை முந்தியின் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டு, "அந்தோணியாரே, பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுக் கல்லடிக்குப் போய்விடுவாய். ஜெயித்தால் மட்டும்தான் அந்த முடிச்சை அவிழ்ப்பாய். தோற்றால் முடிச்சோடேயே சேலை ஊறப் போகும்.

எனக்கு வயசாகி, கல்யாணம் ஆகி, பிள்ளை பிறந்த பிறகும் நீ வெளியேதான் நின்றாய். பலமுறை கூப்பிட்டேன், நீ வரவில்லை. விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தையை ஏன் அம்மா இப்படிப் பிடித்துக்கொண்டாய்?

ஊர் முழுக்க ஒரே கேபிள் இருந்த காலத்தில் உனக்குக் கவலையே இல்லை. எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் சத்தம் எழும். "இது நாலு. ஆறுன்னா இன்னும் கூடுதலா கத்துவாக" என்று கல்லடியில் இருந்தே கணக்காகச் சொல்வாய். பிறகு டிஷ் வந்தது. மழை பெய்தால் படம் போகிறது என்று நான்தான் அதையும் மாற்றினேன். பெரிய டிவி வாங்கி, நெட் இழுத்து, சந்தா கட்டி, ஆப்பில் ஆட்டம் பார்க்க ஆரம்பித்தோம். கழற்றிப் போட்ட டிஷ்ஷில் நீ வடகம் காயவைத்தாய். பக்கத்து வீட்டு லூர்து மாமா மட்டும் தன் டிஷ்ஷை விடவே இல்லை.

ஆப்பில் பார்த்த முதல் ஆட்டம் முடிந்ததும் நீ உள்ளே வந்து சொன்னாய்: "ஒன் டிவி பிந்தி வருதுடா. லூர்து வீட்டுல முன்னாடியே கத்திட்டாக."

"அவரு சும்மாவே கத்துவாரும்மா. இது லைவ். பாரு, மூலையில செவப்பா எழுதியிருக்கான்."

நீ அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், அடுப்படிக்குப் போய்விட்டாய். படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாய் என நினைத்தேன்.

அப்புறம் அந்த இறுதி ஆட்டம். எங்கோ வெளிநாட்டில் நடந்தது, நமக்குச் சாயங்காலம். கடைசி ஓவர் தொடங்கும்போது என் கண் முன்னால்தான் முந்தியில் முடிச்சுப் போட்டாய். உள்ளே டிவி சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தோம். ஜெயித்ததும் ஸ்டெல்லாவும் பிரின்சியும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். நான் உன்னிடம் ஓடிவந்தேன். "அம்மா, கப்பு நமக்கு!"

நீ கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். தூங்குகிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன்.

உன்னைத் தூக்கும்போது முந்தி என் கையில் பட்டது. முடிச்சு இல்லை. நுனி மட்டும் கசங்கியிருந்தது. அந்தக் கசங்கல்தான் அம்மா மூன்று வருஷமாக என்னை அரித்தது. உயிர் போகிற நேரத்தில் கை பட்டுத் தானாக அவிழ்ந்ததா? இனி எங்கே ஜெயிக்கப் போகிறார்கள் என்று நீயே வெறுத்துப்போய் அவிழ்த்துவிட்டாயா? நான் அங்கிட்டுப் போகச் சொன்ன அம்மா, அங்கிட்டே தனியாக, ஒரு சேதியும் தெரியாமல் போய்விட்டாளே என்று அழாத நாள் குறைவு. அதற்குப் பிறகு எந்த ஆட்டத்தையும் நான் முடிவுவரை பார்க்கவில்லை.

போன ஞாயிறு மறுபடியும் ஓர் இறுதி ஆட்டம். பிரின்சியும் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் நழுவப் பார்த்தேன். ஸ்டெல்லா விடவில்லை. "அத்தைக்குப் புடிச்ச ஆட்டத்த நீங்க பாக்காம இருந்தா அவுக திரும்பி வந்துருவாகளா? உக்காருங்க பேசாம" என்றாள். உட்கார்ந்தேன். கடைசி ஓவர் வரைதான். எழுந்து கொல்லைப்புறம் வந்து, உன் கல்லுக்குப் பக்கத்தில் நின்றேன். வெயில் தாழ்ந்துவிட்டது, ஆனால் கல்லில் சூடு இன்னும் இருந்தது.

திடீரென்று மதிலுக்கு அந்தப் பக்கம் லூர்து மாமாவின் குரல். "நாலு! நாலுடா! கப்பு நமக்கு!"

உள்ளே ஓடினேன். "ஜெயிச்சாச்சு!"

இரண்டு பேரும் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டிவியில் பந்து வீசுகிறவன் பந்தைக் கால்சட்டையில் தேய்த்தபடி மெதுவாக நடந்து போய்க்கொண்டிருந்தான்.

"என்னங்க ஒளர்றீங்க? இன்னும் பந்தே போடல" என்றாள் ஸ்டெல்லா.

நான் அப்படியே நின்றேன் அம்மா. அவன் திரும்பினான், ஓடிவந்தான், போட்டான். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது. நாலு. ஸ்டெல்லா டிவியை விட்டுவிட்டு, பேய் பிடித்தவனைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்தாள். பிரின்சிதான் சிரித்துக்கொண்டே விளக்கினாள். "டிஷ்ஷுக்குச் சேட்டிலைட்ல இருந்து நேரா வந்துரும்ப்பா. நமக்கு நெட்டுல துண்டு துண்டா அனுப்பி, அங்கங்க சேத்து வச்சு அப்புறமாத்தான் காட்டுவான். அரை நிமிஷம் லேட்டாகும்." நேராகப் போகிற பஸ்ஸும் எல்லா ஊரிலும் நின்று போகிற பஸ்ஸும் மாதிரி என்று புரிந்துகொண்டேன்.

அரை நிமிஷம். கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவன் அடித்த பந்து, வானத்துக்கு ஏறி, லூர்து மாமா வீட்டு ஓட்டின் மேல் சாய்ந்து கிடக்கும் அந்தத் துருப்பிடித்த தட்டில் இறங்கி, அவர் வாய்வழியாக நம் கொல்லைக்கு வந்துவிடுகிறது. அதே பந்து நம் வீட்டுக்குள் இன்னும் போடப்படவே இல்லை. இப்படி ஓர் அதிசயம் ஒரு மதிலுக்கு இரண்டு பக்கமும் தினமும் நடந்துகொண்டிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. சத்துணவுச் சமையல்காரி உனக்கு முதல் ஆட்டத்திலேயே தெரிந்திருக்கிறது!

அப்போதுதான் எனக்கு உறைத்தது. யார் செருப்பு என்றுகூடப் பார்க்காமல், ஸ்டெல்லாவின் செருப்பை மாட்டிக்கொண்டு லூர்து மாமா வீட்டுக்கு ஓடினேன்.

"மாமா, அன்னைக்கு அம்மா போன அன்னைக்கு, கடைசிப் பந்துல நீங்க கத்துனீங்களா?"

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. டிவியை நிறுத்தினார். "என்னைக்காச்சும் கேப்பேன்னு தெரியும் மாப்ள. மூணு வருசமா பயந்துக்கிட்டே இருக்கேன்."

"என்ன பயம்?"

"கத்துனதோட விட்டிருக்கலாம். மதிலுகிட்ட வந்து, 'அக்கா, கப்பு நமக்கு'ன்னு வேற சொன்னேன். அந்தச் சந்தோசம் தாங்காமத்தான் அக்காவுக்கு நெஞ்சு நின்னுருச்சோன்னு… யார்ட்டயும் சொல்லல."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அம்மா என்ன சொன்னாங்க?"

"'நெசமாவா லூர்து?'ன்னுச்சு. 'நெசந்தான்க்கா, முடிச்ச அவுத்துரு'ன்னேன். சிரிச்சுச்சு. நான் சந்தோசத்துல இன்னொரு சத்தம் போடப் போனேன். 'ச்சூ, கத்தாத. உள்ள அவனுக்கு இன்னும் வரல. அவனே பாக்கட்டும்'னுச்சு. அம்புட்டுத்தான்."

ரொம்ப நாளாக இருந்த அடைப்பு என்று டாக்டர் சொன்னதை அவரிடம் சொன்னேன். இரண்டு கிழட்டு ஆண்பிள்ளைகள் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். மாமி என்னமோ ஏதோ என்று பதறிப்போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தார்கள்.

அம்மா, உனக்குத் தெரிந்திருக்கிறது. எங்களுக்கு முந்தியே தெரிந்திருக்கிறது. உன் கையால்தான் முடிச்சை அவிழ்த்திருக்கிறாய். இப்போது யோசித்துப் பார்க்கிறேன். ஆப் வந்த பிறகு ஜெயித்த ஒவ்வொரு முறையும் நான் மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னேனே, "அப்புடியாடா!" என்று கன்னத்தில் கை வைத்து வியந்தாயே, அத்தனையும் நடிப்பா? ஒரு தடவையாவது உன் முந்தியை நான் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன். நான் உன் முகத்தை மட்டும்தான் பார்த்தேன்.

ராசி இல்லாதவள் என்று உன்னைத் துரத்தினேன். நீ அந்தக் கல்லடியில் நின்று, எனக்கு வரவேண்டிய சந்தோஷம் கெடாமல் வந்து சேர வேண்டும் என்று ஊரை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறாய். நீ கடைசியாகப் பேசியதே எனக்காகத்தான் என்று தெரிந்த பிறகு நான் உன்னிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது? கேட்கிறேன். மன்னித்துவிடு அம்மா.

டிஷ்ஷை மறுபடியும் மாட்டச் சொல்லி பிரின்சி கேட்டாள். வேண்டாம் என்றுவிட்டேன். வீட்டுக்குள் ஆட்டம் பிந்தியே வரட்டும். இனி எந்த இறுதி ஆட்டமானாலும் கடைசி ஓவருக்கு நான் துண்டு நுனியில் முடிச்சுப் போட்டுக்கொண்டு உன் கல்லடிக்கு வந்துவிடுவேன். மதிலுக்கு அந்தப் பக்கம் மாமா மெதுவாகச் சேதி சொல்வார். முடிச்சை அவிழ்ப்பேன். பிறகு அரை நிமிஷம் வாயைத் திறக்க மாட்டேன். உள்ளே இருந்து பிரின்சி ஓடிவந்து, "அப்பா, ஜெயிச்சாச்சு!" என்பாள். கன்னத்தில் கை வைத்து, "அப்புடியாம்மா!" என்பேன்.

எப்போதும் உனக்கு அரை நிமிஷம் பிந்தியே வந்து சேரும் உன் மூத்த மகன்,
சூசை