குறில் என்றால் தட்டு, நெடில் என்றால் பிடி

“சாப்ட்டியா சுமதி” என்று கேட்காமல் என்னோடு ஒரு பேச்சும் தொடங்காத என் அண்ணிக்கு,

சாப்பிட்டுவிட்டேன். விழுப்புரத்தில் இப்போதுதான் மழை விட்டிருக்கிறது. உங்கள் கீபோர்டைக் கெடார் கிராமத்தில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்ததை அண்ணனிடம் சொல்ல முடிந்தது. கொடுக்கும் முன் நான் செய்ததைச் சொல்ல முடியவில்லை. அதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களுக்கு நம் கதை தெரியாது. திண்டிவனத்தில் கல்யாணப் பத்திரிகையும் கோர்ட்டு மனுவும் டைப் அடித்துக்கொண்டிருந்தவர் நீங்கள். ஒருநாள் வலது கையிலிருந்து டம்ளர் நழுவியது. அப்புறம் சீப்பு, அப்புறம் உங்கள் மகள் கயலின் சடை. இது கையில் தொடங்கி நாக்குக்கும் மூச்சுக்கும் போகிற நரம்பு நோய் என்று பாண்டிச்சேரி டாக்டர் சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும்போது நீங்கள் என்னிடம் கேட்டீர்கள்.

“எடது கை இன்னும் நல்லாத்தான இருக்குது. அத வச்சி அடிக்க முடியாதா? டைப் அடிக்காம நான் என்னா பண்ணிக்கினு இருக்கறது?”

நான் விழுப்புரத்தில் பாலிடெக்னிக் லேபில் வேலை பார்ப்பவள். சாலிடரிங் தெரியும், கொஞ்சம் புரோகிராமும் தெரியும். ஒரு கைக்குள் அடங்குகிற சின்னக் கீபோர்டு ஒன்றை நானே செய்தேன். இருபது கீகூட இல்லை. தமிழுக்கு அது எப்படிப் போதும்? ஒவ்வொரு கீயும் இரண்டு வேலை செய்தாக வேண்டும். தட்டினால் ஒன்று, அழுத்திப் பிடித்தால் இன்னொன்று. கீபோர்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற குட்டிப் புரோகிராமில் அப்படி எழுதலாம். எந்த எழுத்தோடு எந்த எழுத்தைச் சேர்ப்பது என்று உங்கள் சமையலறையில் நான் குழம்பிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னீர்கள்: “இதுல என்னா கஷ்டம்? குறிலுன்னா தட்டு, நெடிலுன்னா புடி. நெடில்னா நீட்டறதுதான?”

அ தட்டினால் அ, பிடித்தால் ஆ. அப்புறம் எல்லாம் தானாக வந்து விழுந்தது. க தட்டினால் க, பிடித்தால் ங. ச பிடித்தால் ஞ, ப பிடித்தால் ம. கொஞ்ச நாளில் ஒற்றைக் கையால் ஒரு முழுக் கல்யாணப் பத்திரிகை அடித்தீர்கள். மாப்பிள்ளை பேருக்குப் பின்னால் இருந்த பட்டமெல்லாம் சேர்த்து, ஒரு பிழை இல்லாமல். அன்றைக்குக் கேசரி கிளறினோம். அண்ணன் கிண்டினார், நீங்கள் சர்க்கரை போதாது என்றீர்கள்.

அதற்குப் பிறகு உங்கள் பேச்சு குழற ஆரம்பித்தது. வேலைக்கென்று செய்த கீபோர்டைப் போனோடு இணைத்தேன். நீங்கள் அடிப்பதைப் போன் சத்தமாகப் படித்தது. ஒருநாள் அண்ணன் எனக்குப் போன் செய்தார்.

“சுமதி, உங்க அண்ணி காலையிலேந்து மஞீ, மஞீன்னு அடிக்கிது. யாரும்மா அது? எனக்கு ஒரே பேஜாரா கீது.”

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. நீங்கள் அடித்தது ‘பசி’. தட்டிய விரல் உடனே மேலே எழவில்லை. தட்டியதையெல்லாம் பிடித்ததாகக் கீபோர்டு எடுத்துக்கொண்டது. ப மவாகி, ச ஞவாகி, இ ஈயாகிவிட்டது. காலையிலிருந்து பசி, பசி என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

எவ்வளவு நேரம் விரல் இருந்தால் அது பிடித்தது என்று முடிவு செய்ய ஃபர்ம்வேரில் ஓர் எண் உண்டு. அடுத்த ரயிலில் வந்து அந்த எண்ணை ஏற்றினேன். எல்லாம் சரியானது. சில வாரம் கழித்து மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. அப்புறம் மறுபடி. எண் ஏற ஏற, ஒரு நெடிலுக்கு நீங்கள் காத்திருக்கிற நேரமும் ஏறியது. கயலுக்கு நீங்கள் அடித்ததில் நெடில்களே குறைந்துபோயின. ‘வா’ என்று அடிக்காமல் தலையை அசைத்தீர்கள். ஒருமுறை நான் லேப்டாப்பைத் திறந்ததும் இப்படி அடித்தீர்கள்: “இன்னும் எவ்ளோ ஏத்துவ?”

நான் ஒயரைச் சரி செய்வதுபோலக் குனிந்துகொண்டேன். வேறு என்ன செய்திருக்க முடியும், சொல்லுங்கள்?

கடைசியில் மூன்று கீ மட்டும் வைத்தேன். ஒன்று ‘ஆமா’. ஒன்று ‘வேணாம்’. மூன்றாவதற்குத் ‘தண்ணி’ என்று வைக்கலாமா என்று கேட்டேன். வேணாம் கீயைத் தொட்டீர்கள். ‘வலிக்குது’ன்னு? வேணாம். எழுத்து எழுத்தாக நான் சொல்லச் சொல்ல, கண்ணை மூடித் திறந்து நீங்கள் தேர்ந்தெடுத்தது ‘கயல்’. பிள்ளை வாசலில் விளையாடினாலும் கேட்கட்டும் என்று, அழுத்திக்கொண்டிருக்கும் வரை பேரைத் திரும்பத் திரும்பச் சொல்கிற மாதிரி அதை எழுதினேன்.

நீங்கள் எங்களை விட்டுப் போன அன்று மத்தியானம் அண்ணன் சமையலறையில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாராம். போன் கயல், கயல் என்று கூப்பிடத் தொடங்கியதாம். நிற்கவே இல்லை. பள்ளிக்கூடம் அடுத்த தெருதானே, ஆள் அனுப்பினார். கயல் பையோடு ஓடி வந்தபோதும் போன் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தது. அண்ணன்தான் உங்கள் விரலை மெல்ல எடுத்துவிட்டார். நான் ரயிலில் விக்கிரவாண்டியைத் தாண்டி வந்துகொண்டிருந்தேன்.

நீங்கள் கூப்பிட்டீர்களா அண்ணி? இல்லை, விரல் அங்கே விழுந்து அப்படியே கிடந்ததா? அந்தப் புரோகிராம் வரிகளை எழுதியவள் நான். எனக்கே தெரியவில்லை.

கெடார்க்காரர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை பயிரிடுகிறவர். பக்கவாதத்தில் வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. அவர் மனைவி லேபுக்கே தேடி வந்து கேட்டார். அந்தக் கீபோர்டு அவருக்கு உதவ வேண்டும் என்றால் உங்கள் வேகத்துக்கு எழுதியதை எடுத்துவிட்டு, எழுத்தெல்லாம் மறுபடி வைத்து அவர் வேகத்துக்குப் புதிதாக எழுத வேண்டும். அண்ணனிடம் கேட்டேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“குடுத்துடு சுமதி. பொட்டியில கெடந்து என்னா பண்ணப்போவுது.”

செய்தேன். கண்ணிமைக்கும் நேரம்தான். அதற்குள் உங்கள் விரலின் தயக்கம் முழுக்க அதிலிருந்து போய்விட்டது. உங்களை நானே இன்னொரு முறை வழியனுப்பியதுபோல இருந்தது. லேபில் பிள்ளைகள் இருந்ததால் ஸ்டோர் ரூமுக்குள் போய் அழுதேன். அண்ணனிடம் சொல்ல முடியாதது இதுதான்.

கெடாரில் அவர் தட்டுத்தடுமாறி முதலில் அடித்தது, “மல்லாட்ட புடுங்கியாச்சா”.

அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “அதெல்லாம் ஆச்சி. நீ கம்முனு கையப் பாரு” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “இத்தினி மாசம் கழிச்சி வாயத் தொறந்தவுடனே காட்டப் பத்திதான் கேக்குது பாரும்மா” என்று சொல்லிச் சிரித்தார், அழுதார். எனக்கு மல்லாட்டை வேக வைத்துக் கொடுத்தார்கள். சாப்பிட்டேன்.

அண்ணனை வேலையில் விழுப்புரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். வீட்டைக் காலி செய்யலாம் என்றார். கயல் வர மாட்டேன் என்று உங்கள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் கேட்டாள்.

“அத்த, அம்மா அன்னிக்கி என்னத்தான் கூப்டுச்சா?”

“ஒன்னத்தான்டி கூப்டுச்சி” என்றேன். நான் சொன்னது பொய்யில்லைதானே?

அண்ணனிடம் பேசிவிட்டேன். வீட்டைக் காலி செய்யப் போவதில்லை. அடுத்த மாசம் என் துணிமணியை எடுத்துக்கொண்டு திண்டிவனத்துக்கே வந்துவிடுகிறேன். காலையில் அவளுக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, நானும் அண்ணனும் ஒரே ரயிலில் விழுப்புரம் போய்க்கொள்கிறோம். எனக்குச் சடை சரியாகப் பின்ன வராது, உங்களுக்கே தெரியும். கற்றுக்கொள்கிறேன் அண்ணி. அந்தப் பிள்ளை கூப்பிட்டால் ஏன் என்று கேட்க வீட்டில் ஒரு ஆள் இருக்கும். அதற்கு நான் பொறுப்பு.

உங்கள் நாத்தனார்,
கயலின் அத்தை,
சுமதி