ஏழு நாள் டிப்ஸ்

பிப்ரவரி 6, வியாழன்

துணி ஊறவைத்த கையோடு போனை எடுத்தேன். பயண ஏஜென்ட். கப்பல் டிக்கெட் பதிவாகி இரண்டு வாரம் ஆகிறது, இன்னும் என்ன பாக்கி என்று கேட்டேன். "பாக்கி இல்லம்மா, உங்க விருப்பம்தான். டிப்ஸை இப்பவே கட்டிடலாம். ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினாறு. கட்டலைன்னா கப்பல்ல தினமும் உங்க பேர்ல ஏறிக்கிட்டே வரும். வேண்டாம்னு சொல்லி அதை நிறுத்திட்டு, கையில கொடுக்கறவங்களும் இருக்காங்க" என்றார்.

இரண்டு பேர், ஏழு நாள். கப்பல்காரர்களின் பணத்தில் இருநூற்று இருபத்து நான்கு. நம் வீட்டுக் கணக்கில் ஒன்றரை மாத மளிகை. மூன்று தடவை பெருக்கிப் பார்த்தேன். பெருக்கப் பெருக்கக் குறையுமா என்ன?

யாருக்குப் போகும் என்று கேட்டேன். அறை துடைப்பவர், மேஜையில் பரிமாறுபவர், கண்ணில் படாமல் அடித்தளத்தில் துணி துவைப்பவர் என்று எல்லாருக்கும் பிரித்துக் கொடுப்பார்களாம். துவைப்பவர் என்றதும் அம்மாதான் நினைவில் வந்தாள். விடுதியில் படுக்கை விரிப்பு துவைத்தாள். "போகும்போது பாத்துக்கறேம்மா" என்று சொன்னவர்கள் எல்லாம் விடிவதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். அந்தப் "போகும்போது" அம்மாவுக்கு ஒரு நாளும் வரவில்லை.

கட்டிவிட வேண்டும். ஒருவர் விரித்த விரிப்பில் கடனோடு எனக்குத் தூக்கம் வராது.

பிப்ரவரி 8, சனி

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறினார்.

"யார்கிட்டயோ கட்டிட்டு, எவனுக்கோ போயிருக்கும்னு நம்பணுமா? கப்பல்காரன் எங்களுக்குன்னு கொடுத்ததெல்லாம் மேஸ்திரி பாக்கெட்டோட நின்னுபோச்சு. ஒரே ஒரு தடவை, ஒரு வயசான இன்ஜினியர் கீழ இறங்கி வந்து, என் கையைப் பிடிச்சுக்கிட்டே கொடுத்தான். எவ்வளவுன்னு மறந்துடுச்சு. அந்தக் கை மறக்கல."

முப்பத்தோரு வருடம் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வெல்டர். எத்தனை கப்பலின் வயிற்றை ஒட்டிக் கொடுத்திருக்கிறார்! பயணியாக ஒன்றில் ஒரு இரவு படுத்ததில்லை. அந்த ஆசைக்குத்தான் பதினோரு வருடம் சேர்த்தோம். அதனால் அவர் பேச்சையும் தள்ள முடியவில்லை.

"நானே கொடுப்பேன். கையில. ஆளோட முகத்தைப் பாத்து."

"கடைசி நாள் மறந்துட்டீங்கன்னா?"

"நான் மறக்கறவனா?"

மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறவர் கேட்கும் கேள்வி. சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை. தண்ணீர் கொடுத்தேன். பேச்சு அதோடு முடிந்தது.

பிப்ரவரி 10, திங்கள்

சொல்லாமல் போய்க் கட்டிவிட்டேன்.

படிவத்தில் இரண்டு கட்டங்கள். முதலாவது டிப்ஸ். எழுத்துக் கூட்டிப் படித்து டிக் போட்டேன். இரண்டாவது, பயணம் ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்கக் காப்பீடு. அதற்கும் ஏறக்குறைய அவ்வளவே பணம். "இதையும் போட்டுக்குங்கம்மா, வயசானவங்க" என்றார் ஏஜென்ட். யார் வயசானவங்க என்று கேட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

கிளம்பும் முன்னாலேயே, போகமாட்டோம் என்று பணம் கட்டுவதா? நல்ல காரியத்துக்குப் போகிறவள் வாயால் அப்படி ஒரு சொல் வரலாமா? பாரத்தைச் சாமி மேல் போட்டு அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

வீட்டுக்கு வந்து கணக்கு நோட்டில் எழுதும்போது செலவுப் பக்கத்தில் எழுத மனம் வரவில்லை. காணிக்கைப் பக்கத்தில் எழுதினேன். கொடுத்தது கொடுத்ததுதான். இனி அது நம்முடையது அல்ல.

பிப்ரவரி 11, செவ்வாய்

அவரிடம் சொல்லிவிட்டேன். சாப்பிட்ட தட்டை அவரே கழுவிக் கவிழ்த்தார். கோபம் வந்தால்தான் தட்டுக் கழுவுவார்.

மார்ச் 3, திங்கள்

கோபம் போய்ப் பத்து நாளாகிறது. இப்போது கேலி. "டிப்ஸ் கட்டின மகாராணி வர்றாங்க, வழிவிடுங்க" என்று சமையலறை வாசலில் நின்று குனிகிறார். பெட்டி வாங்கியாயிற்று. புதுச் சட்டை இரண்டு.

ஆனால் தன் கைக்குட்டையை மட்டும் அவரே துவைத்துக்கொள்கிறார். ஏன்?

மார்ச் 5, புதன்

கொடியில் காய்ந்த கைக்குட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். துவைப்பவளின் மகள் நான். எந்தக் கறை எது என்று எனக்குத் தெரியாதா!

மார்ச் 20, வியாழன்

டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டிக் காட்டினார். இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக இருந்தது. "எவ்வளவு வருஷம் அந்தப் புகையில நின்னீங்க?" என்றார். "முப்பத்தொண்ணு" என்றார் இவர், ஏதோ பரிசு கொடுக்கப்போவது போல நிமிர்ந்து.

கப்பல் ஏப்ரல் பன்னிரண்டு என்று நான் சொன்னேன். டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. பேனாவை மூடித் திறந்தார்.

ஏப்ரல் 2, புதன்

ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. ஒன்பதாம் நம்பர் கட்டில், ஜன்னல் ஓரம். மூக்கில் குழாய். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு.

வார்டு ஊழியர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும். விரிப்பை மாற்றும்போது இவரை ஒரு பக்கமாகப் புரட்டி, பாதி விரித்து, மறுபக்கம் புரட்டி மீதியை இழுத்தார். ஒரு சுருக்கம் இல்லை. அம்மா பார்த்திருந்தால் மெச்சியிருப்பாள். அவர் சக்கரக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்த வேகத்தைப் பார்த்து இவர் "மாலுமி" என்று பேர் வைத்துவிட்டார். மூச்சு போதாத நேரத்திலும் பட்டப்பேர் வைக்க மட்டும் மூச்சு இருக்கிறது.

ஏப்ரல் 4, வெள்ளி

ஏஜென்டுக்குப் போன் செய்தேன். டிக்கெட் பணம் ஒரு காசு வராது. கடைசித் தேதி தாண்டிவிட்டதாம். "அந்தக் காப்பீடு போட்டிருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்து, நல்ல மனிதர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"டிப்ஸ் மட்டும் முழுசாத் திரும்பி வரும்மா. நீங்க ஏறவே இல்லையே. யாரும் உங்களுக்கு வேலை செய்யலையே."

பதினோரு வருடம் போயிற்று. திரும்ப வருவது, அடுத்தவர் கைக்கென்று கொடுத்தது.

ஏப்ரல் 7, திங்கள்

மகள் வந்திருந்தாள். மருந்துச் சீட்டுகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "அந்த ஆளைச் சும்மா விடமாட்டேம்மா. இன்சூரன்ஸ்னு ஒண்ணு இருக்குன்னு உனக்குச் சொல்லவே இல்லையா?" என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. பொய் சொல்லவில்லை, ஆனால் ஒருவர் தலையில் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாமி முன்னால் விளக்கேற்றினேன். எதற்குப் பயந்து அந்தக் கட்டத்தை விட்டேன்? கெட்ட சொல்லுக்கா? சொல்லவில்லை, வந்துவிட்டதே. சொல்லாமலே வந்துடுச்சே சாமி. அந்தப் பணம் இருந்தா இன்னொரு பெரிய டாக்டர்கிட்ட காட்டியிருக்கலாம்ல? ஒரு கோடு. ஒரு சின்னக் கோடு போட மாட்டேன்னுட்டேனே.

ஏப்ரல் 8, செவ்வாய்

மகளுக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். "சரிம்மா, சாப்பிட்டியா?" என்றாள்.

அவரிடமும் சொன்னேன். குழாயை விலக்கிக்கொண்டு, "நான் வந்திருந்தா... நானும் போட்டிருக்க மாட்டேன்" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கி, "போறதுக்கும் காசு, போகாததுக்கும் காசுன்னா... மனுஷன் எப்படிப் பிழைக்கறது?"

அழுதுகொண்டே குழாயைச் சரியாக வைத்தேன்.

ஏப்ரல் 12, சனி

இன்று கப்பல் ஏற வேண்டிய நாள்.

ஏஜென்ட் டிப்ஸ் பணத்தை நேற்றுக் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தார். மருந்துக் கடைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றாள் மகள். அவள் சொல்வதில் தப்பில்லை. ஆனால் காணிக்கைப் பக்கத்தில் எழுதியதை எந்த முகத்தோடு வரவுப் பக்கத்துக்கு இழுப்பது? என் வளையல் ஒன்றை மருந்துக்கு எடுத்துக்கொள் என்றேன். முறைத்தாள். எடுத்துக்கொண்டாள்.

பணத்தை ஏழாகப் பிரித்து ஏழு உறைகளில் போட்டு ஒட்டினேன். இவர் கையில் கொடுத்து, "இந்தாங்க, தினம் ஒண்ணு. உங்களுக்கு விரிப்பு மாத்தறவருக்கு உங்க கையால, முகத்தைப் பாத்துக் கொடுங்க. நான் நடுவுல வரமாட்டேன்" என்றேன்.

உறைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "கணக்குப்பிள்ள" என்றார், கண்ணை மூடிக்கொண்டு. பிறகு, "கேபின்ல ஜன்னல் இருக்கான்னு பாத்தியா? நமக்கு ஜன்னல் கேபினுக்குக் காசு பத்தலையே. இங்க இருக்கு."

ஜன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸ் நிறுத்துமிடம்.

உறைகளைப் பக்கத்து அலமாரி இழுப்பறையில் வைத்துவிட்டு வந்தேன். நோட்டில்: உறை ஒன்று.

ஏப்ரல் 13, ஞாயிறு

"கொடுத்தீங்களா?" "கொடுத்தாச்சு." உறை ஒன்று.

ஏப்ரல் 15, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. இரண்டு நாளுக்கும் சேர்த்து உறை இரண்டு. இன்றும் கேட்டேன். "கொடுத்தாச்சு, கொடுத்தாச்சுன்னு... எத்தனை தடவை சொல்றது?" என்று எரிந்து விழுந்தார். மூச்சு முட்டுகிறது, அதனால்தான் கோபம். நகம் நீலமாகிவிட்டது. மாலுமி மூன்று முறை விரிப்பு மாற்றினார். மூன்று முறையும், "ஐயா, கொஞ்சம் அலை அடிக்குது, இந்தப் பக்கம் சாயுங்க" என்று சொல்லித்தான் புரட்டினார். இவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

ஏப்ரல் 16, புதன்

காலை ஆறு நாற்பது.

ஐந்தாம் நாள்.

ஏப்ரல் 28, திங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து மகள் கொண்டுவந்த பையை இன்றுதான் பிரித்தேன். மூக்குக்கண்ணாடி, சீப்பு, கைக்குட்டை நான்கு, டிப்ஸ் கட்டிய ரசீது நான்காக மடித்தது. உறை எதுவும் இல்லை.

ஐந்து நாளுக்கு ஐந்து. மீதி இரண்டு இருக்க வேண்டும். மகளைக் கேட்டேன். "இழுப்பறையில ஒண்ணுமே இல்லம்மா. நல்லாத் துழாவிப் பாத்துத்தான் எடுத்தேன்."

அப்படியானால்? மூச்சுக்குத் தவித்துக்கிட்டு இருந்த மனுஷனோட இழுப்பறையிலயா கை வைக்கறது? அலை அடிக்குது, சாயுங்கன்னு சொன்ன வாயா? கேட்காமல் விடமாட்டேன். நாளைக்கே போகிறேன். பணத்துக்காக இல்லை. அவர் கையால் போக வேண்டியது அது.

ஏப்ரல் 29, செவ்வாய்

போனேன். வராந்தாவில் மாலுமி அழுக்கு விரிப்புகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் உட்காரக்கூட இல்லை.

"ரெண்டு உறை குறையுதுங்க" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் முகம் மாறவில்லை. "இருங்கம்மா" என்று உள்ளே போய், தன் பெட்டியைத் திறந்து இரண்டு உறைகளை எடுத்து வந்தார். ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது.

"உங்க வீடு தெரியல, இல்லாட்டி நானே வந்திருப்பேன். ஐயா ஏழையும் முதல் நாளே கொடுத்துட்டாரும்மா. சனிக்கிழமை, நீங்க படி இறங்கினவுடனே. கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. 'ஏழு நாளைக்கும் இப்பவே வாங்கிக்க. கடைசி நாள் கொடுக்க நான் மறந்துடுவேன்'னாரு. நான் வேண்டாம்னேன். 'அவகிட்ட மட்டும் சொல்லிடாத, அவதான் ஜெயிச்சான்னு நோட்டுல எழுதி வச்சிடுவா'ன்னு சிரிச்சாரு."

உறைகளை என்னிடம் நீட்டினார்.

"இந்த ரெண்டும் நான் வேலை செய்யாத நாளுக்கும்மா. எப்படி எடுத்துக்கறது?"

கை கூப்பினேன். அவர் பதறிப்போய், "என்னம்மா நீங்க" என்று அந்த உறைகளை என் கையில் வைக்கப் பார்த்தார்.

கதவு வழியாகப் பார்த்தேன். ஒன்பதாம் கட்டிலில் யாரோ ஒருவர். ஒடிசலான மனிதர், துணைக்கு யாரும் இல்லை. விரிப்பு ஒரு பக்கம் சுருண்டு தொங்கியது.

"அவருக்கு யாராவது வர்றாங்களா?"

"இதுவரைக்கும் இல்லம்மா."

"அப்ப அந்த ரெண்டு நாளும் அவரோடது. கட்டியாச்சு" என்றேன்.

அவர் உறைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு புது விரிப்பை உதறிக்கொண்டே உள்ளே போனார். "ஐயா, கொஞ்சம் இந்தப் பக்கம் சாயுங்க" என்று குரல் கேட்டது.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். இத்தனை வருடத்தில் என் நோட்டில் அடித்தல் திருத்தல் கிடையாது. இன்று பதின்மூன்று, பதினைந்து தேதிகளில் எழுதிய உறைக் கணக்கை அடித்தேன். பன்னிரண்டாம் தேதியில் ஒன்றை ஏழாக்கினேன்.

பக்கத்தில் எழுதினேன்: முன்கூட்டியே, அவர் கையால்.

ஜெயித்தேன் என்று எழுதவில்லை.