ஐந்தாம் மேடையின் வாளித் தண்ணீர்

2088 ஏப்ரல் 4, காலை 6.10
கடல்மேடை ஐந்து. எழுதுவது சலேத்தம்மா, சிப்பி அலசுறவ. சிப்பித் தொட்டி முப்பத்திரண்டு டிகிரி. பம்பு ஓடுது. காற்று பலம்.
டாக்டர் வேல்விழியையும் சமையல்காரன் சிலுவையையும் நேற்று வயிற்றுப்போக்கோடு கரைக்குத் தூக்கிட்டுப் போனாங்க. மேடையில நான் மட்டும். அவங்க தின்ன சிப்பியை நான் வாயில வைக்கலை. சிலுவை சமைச்சது எனக்கு ஆகாது. பத்தொன்பது வருசம் முன்னால, என் மக கல்யாணப் பந்தியில, நான் வெச்ச குழம்புல உப்பில்லன்னு ஊர் கேக்கச் சொன்னவன்.

காலை 9.40
ரேடியோவில் டாக்டர்: "அக்கா, கிருமியோட மரபணுவை மெஷின் கோடு கோடாக் காட்டும். எங்க ரெண்டு பேர் மலம் எடுத்த குப்பி, வேகாத பச்சைச் சிப்பி, அலசுற வாளித் தண்ணி, நாலையும் போடுங்க. எது எங்க கோட்டோட ஒத்துப்போகுதோ அதுலருந்துதான் வந்திருக்கு. அதுவரை மத்த ஆறு மேடையிலயும் சிப்பி திங்க வேண்டாம்."
போட்டாச்சு. முடிவு நாளைக்கு உச்சிக்கு.

ஏப்ரல் 5, காலை 7.05
கரை ஆபீசுலருந்து ரேடியோவில்: "சலேத்தக்கா, டாக்டரம்மா மயக்கத்துல இருக்காங்க. ஆறு மேடையிலயும் அரிசி தீர்ந்துபோச்சு. சிப்பி திங்கலாமா?"
நான்: "சிப்பிமேல குத்தமில்லை. சிலுவை அரைவேக்காட்டுல இறக்கிருப்பான். நல்லா வேகவெச்சுத் தின்னட்டும்."
"சரிக்கா. ஒரு மணிக்கு எல்லா மேடையிலயும் சிப்பிதான்."
ஆஸ்பத்திரியிலிருந்து சிலுவை ரேடியோவில் குறுக்கே பேசினான்: "எக்கா, அரைமணி நேரம் கொதிச்சுது. ஒன் நாக்குதான் இன்னும் வேகலை."
ஆத்திரத்துல ரேடியோ வயரைப் பிடுங்கி எறிஞ்சேன்.

பகல் 11.50
கோடு வந்தது. ரெண்டு பேருக்கும் ஒண்ணுபோல. பச்சைச் சிப்பி வேற. வாளித் தண்ணிதான் அச்சா ஒத்துப்போகுது.
வெந்த சிப்பியை அந்த வாளியில மொண்ட கடல் தண்ணியில அலசி ஆறவெச்சவ நான். அப்பத்தான் சதை இறுகும்னு ஆறு மேடைப் பொம்பளைகளுக்கும் சொல்லிக் குடுத்தவளும் நான்.
சிலுவை சரியாத்தான் வேகவெச்சிருக்கான்.

12.25
வயர் ஏறலை. முனை ஒடிஞ்சிருக்கு. கரை, கேக்குதா? சிப்பியை அலசாதீங்க. கேக்குதா?

12.52
கூரைமேல ஏறிட்டேன். சிவப்புச் சேலையை ஆட்டுறேன். கத்துறேன். காத்து எதிர்க்காத்து.
மூணாம் மேடைப் பொம்பளைங்க பாத்துட்டாங்க. சிரிச்சுக்கிட்டுக் கையாட்டுறாளுக.
ஒருத்தி வாளியைக் கடல்ல இறக்குறா