எட்டுப் புள்ளிக்கு நாலு நிறம்

பிப்ரவரி 3, திங்கள்

இன்று என் வகுப்பில் பதினோரு பேர். போன மாதம் நாற்பது. மீதிப் பேர் நாடு கடத்தப்படவில்லை. எதிர் அறையில், அதே பாடம் எடுக்கும் என் அக்கா மகளின் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். மாணவர்கள் எந்த வகுப்பில் வேண்டுமானாலும் உட்காரலாம் என்பது எங்கள் துறையின் பெருந்தன்மை. இருபத்திரண்டு வருடமாக அதில் லாபம் அடைந்தவன் நான்தான்.

இந்தக் கட்டடத்தில் கிராஃப் தியரி என்றால் நான். புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் நான் கரும்பலகையில் போட்டால் சிலந்தி வந்து பாடம் கேட்டுப் போகும். அவள் சாக்பீஸைத் தொடுவதே இல்லை. ஏதோ ஒரு மென்பொருள். புள்ளியை விரலால் இழுத்தால் கோடுகள் ரப்பர் மாதிரி கூடவே வருகின்றன. தப்பு செய்தால் உடனே சொல்கிறது. தாண்டிப் போகும்போது உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. கணக்கு வகுப்பில் சிரிப்பு. உலகம் அழியப்போகிறது.

பிப்ரவரி 5, புதன்

துறைத் தலைவி கூப்பிட்டார். "அடுத்த வருஷம் ஒரே கிளாஸ்தான் சார். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் எடுக்க முடியும். மாசக் கடைசில முடிவு பண்ணிடுறேன்."

ஒருத்தர். அதாவது நான். அதாவது — நானா?

பிப்ரவரி 6, வியாழன்

அக்கா போனில்: "உன் மருமக கம்ப்யூட்டர்ல கலக்குறாளாமே. நீ ஒரு வார்த்த சொல்லலையே."

"நல்லா பண்றாக்கா" என்றேன். வயிற்றில் எரிந்த தீயில் ஊருக்கே உலை வைத்திருக்கலாம்.

பிப்ரவரி 10, திங்கள்

வேவு பார்க்கப் புறப்பட்டேன். அந்த மென்பொருளில் மாணவன் போலப் பதிவு செய்தேன். பெயர் கேட்டது. 'சுண்டெலி' என்று கொடுத்தேன்.

பயிற்சி இதுதான்: கோட்டால் இணைந்த இரண்டு புள்ளிகளுக்கு ஒரே நிறம் கூடாது, முடிந்தவரை குறைந்த நிறங்களில் முடிக்க வேண்டும். இதற்கு என்னிடம் பொன்னான விதி இருக்கிறது. அதிகக் கோடுகள் உள்ள புள்ளியில் தொடங்கு, பொருந்துகிற முதல் நிறத்தைக் கொடு, அப்படியே இறங்கி வா. பதினெட்டுக் கணக்குகளை ஊதித் தள்ளினேன். பத்தொன்பதாவதில் எட்டுப் புள்ளிகள், பன்னிரண்டு கோடுகள். எல்லாப் புள்ளிக்கும் மூன்று கோடுகள்தான், ஏற்றத்தாழ்வே இல்லை. சரி என்று ஒன்று முதல் எட்டு வரை வரிசையாகப் போனேன். நாலு நிறம் வந்தது.

"அதிகம். இரண்டு போதும்" என்றது திரை.

புதையல் எடுத்தவன்கூட அப்படிக் குதித்திருக்க மாட்டான். மென்பொருள் தப்பு. மகாராணியின் ராஜ்யம் நாளையோடு முடிந்தது. சரிபார்த்தேனா? எதற்கு? விதி என்னுடையது.

பிப்ரவரி 11, செவ்வாய்

எழுதவே கை கூசுகிறது.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தலைவியின் அறைக்குப் போனேன். பத்து நிமிடம் முழங்கினேன். அவர் என் அக்கா மகளை வரவழைத்தார். அவள் எச்சில் விழுங்கும் நேரம் திரையைப் பார்த்தாள். ஒற்றை எண் புள்ளிகளை மேலே இழுத்தாள், இரட்டை எண் புள்ளிகளைக் கீழே. எல்லாக் கோடுகளும் மேலுக்கும் கீழுக்குமாக ஓடின. ஒரே வரிசைக்குள் ஒரு கோடுகூட இல்லை. மேலே சிவப்பு. கீழே நீலம். முடிந்தது.

பிறகு மெதுவாகக் கேட்டாள்: "மாமா, சுண்டெலிங்கிறது யாரு?"

தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

நடைவழியில் அவள் சிரிக்கவில்லை. "அந்த விதிய பசங்களுக்கு எப்படிச் சொல்லிருக்கீங்க?"

"எப்பவும் குறைஞ்ச நிறம் வரும்னு."

"வெள்ளிக்கிழம பரீட்ச மாமா."

பிப்ரவரி 12, புதன்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்துதான்: 'பெரும்பாலும் குறைந்த நிறங்களில் முடியும்.' பெரும்பாலும். அந்த வார்த்தை எந்த வருடம் உதிர்ந்தது? பலகையில் நான் போடுவது அதே நாலு படங்கள். சொந்தக்காரர்கள் மாதிரி, என்னை எதிர்த்துப் பேசாதவை. கேள்வியும் நான், பதிலும் நான். எப்படித் தோற்பேன்?

சொன்னால் அந்தப் பதினோரு பேரும் போய்விடுவார்கள். சொல்லாவிட்டால் தப்பாக எழுதுவார்கள். அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள், அது தெரியும். அதுதான் தாங்க முடியவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

சொல்லிவிட்டேன். "உங்களுக்கு நான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்." எட்டுப் புள்ளிகளையும் பலகையில் போட்டேன். சாக்பீஸ் புள்ளியை இழுக்க முடியாது. அழித்து அழித்துப் போட்டதில் பலகை மேகமூட்டமானது.

கடைசி பெஞ்சில் ஒருத்தன்: "சார், எதிர் கிளாஸ்ல இத இழுத்தே பாக்கலாம்."

"வாங்கடா" என்றேன். தோற்ற படையை நடத்திக்கொண்டு போகும் தளபதியாக முன்னால் நடந்தேன். அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அங்கே ஒருவரும் உடனே திரையைத் தட்டுவதில்லை. "மொதல்ல எத்தன நிறம்னு சொல்லு. ஏன்னு சொல்லு. அப்புறம் தட்டு" என்கிறாள். பக்கத்தில் இருப்பவனோடு சண்டை போட்டுவிட்டுத்தான் தட்டுகிறார்கள். தப்பானால் அந்தச் சிரிப்பு.

மென்பொருள்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அது சௌகரியமாக இருந்தது. இவள் நல்ல ஆசிரியை. இதற்கு நான் என்ன செய்வது?

பிப்ரவரி 14, வெள்ளி

பரீட்சை. பதினோரு பேரும் 'பெரும்பாலும்' என்று எழுதியிருக்கிறார்கள். ஒருத்தன் அடிக்கோடு வேறு போட்டிருக்கிறான், கழுதை.

பிப்ரவரி 28, வெள்ளி

தலைவி முடிவைச் சொல்லும் முன்பே நான் சொல்லிவிட்டேன்: அவளே எடுக்கட்டும். எனக்கு முதல் வருட நுண்கணிதம், காலை எட்டு மணிக்கு. கோழிகூட எழுந்திருக்காத வேளை.

சாயங்காலம் அவள் வந்து நின்றாள். "வியாழக்கிழமையில என் கிளாஸுக்கு வாங்க மாமா. பசங்க திணறுற மாதிரி படம் போட்டுக் குடுங்க. உங்கள மாதிரி வில்லங்கமா யோசிக்க இங்க ஆள் இல்ல."

"நேரம் இருந்தா பாக்குறேன்" என்றேன்.

ஒன்பது படங்கள் தயார். ஏழாவது அவளையே ஒரு மணி நேரமாவது உட்கார வைக்கும்.