எங்கும் போகாதவளுக்கும் ஒரு குதிரை கேட்டு

அனுப்புநர்:
‘பஞ்சுமூட்டை’ (விளையாட்டில் உள்ள பெயர்),
வைத்தியர் பிரிவு, அரைத்தூக்க அணி.

பெறுநர்:
வீரர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
‘ஏழாம் கோட்டை’ இணைய விளையாட்டு நிறுவனம்.

பொருள்: திரும்பி வரும் வீரர்களுக்கு அளவுக்கு மீறிய வரவேற்பு அளிப்பது – எங்கும் போகாத வீரர்களைக் கண்டுகொள்ளாதது – எனக்கு வந்துள்ள விளக்கம் கேட்கும் கடிதத்துக்குப் பதில் அளிப்பது – தொடர்பாக.

பார்வை: 1. என் ஓரகத்திக்குத் தாங்கள் அனுப்பிய வரவேற்புக் கடிதம். 2. எனக்குத் தாங்கள் அனுப்பிய, ஏழு நாள் கெடு வைத்த கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர்,

தங்கள் கடிதத்தில் ‘அலுவலர்’ என்று மட்டும் இருப்பதால் இரண்டையும் எழுதியிருக்கிறேன். பொருந்தாததை அடித்துவிட்டுப் படிக்கவும்.

1. நான் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை செய்பவள். தங்கள் விளையாட்டில் ஏறக்குறைய ஆறு ஆண்டுகளாக இருக்கிறேன். ஒவ்வோர் அணி வீட்டின் வாசலிலும் தாங்கள் ஒரு மணியைத் தொங்கவிட்டிருக்கிறீர்கள். அதைத் தினமும் ஒருமுறை அடித்தால் அடித்தவர் தலைக்கு மேல் நாள்கணக்கு ஒன்று ஏறும். ஒரு நாள் தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். மதியம் ஒன்று பத்துக்கு, கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்கும் கை கழுவும் தொட்டிக்கும் நடுவில் உள்ள ஸ்டூலில் உட்கார்ந்து நான் அந்த மணியை அடிப்பது வழக்கம். குடல்வால் அறுவை சிகிச்சை நடந்த அன்றும் அடித்தேன். வலது கையில் ஊசி ஏறிக்கொண்டிருந்ததால் இடது கையால் அடித்தேன், நர்ஸ் திட்டினார். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

2. என்னை இந்த விளையாட்டுக்குள் இழுத்து வந்தவர் என் ஓரகத்தி, அதாவது என் கணவருடைய அண்ணனின் மனைவி. மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கும் வேலை. விளையாட்டில் அவர் பெயர் ‘இரும்புக்கதவு’, கேடயப் பிரிவு. நான் கல்யாணமாகி வந்த புதிதில் அவர்கள் மாடியிலும் நாங்கள் கீழேயும் இருந்தோம். அந்த வீட்டில் யாரிடம் என்ன பேசுவதென்று தெரியாமல், துடைத்த பாத்திரத்தையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவர் தன் பழைய போனை என் கையில் திணித்து, கணக்கு தொடங்கி, கடவுச்சொல்லையும் அவரே அடித்துக் கொடுத்து, “உள்ள வந்து எனக்குப் பின்னாடி நில்லு. அடி எல்லாம் நான் வாங்கிக்கிறேன். நீ மருந்து போட்டா போதும்” என்றார். மூன்று வருடம் போல அப்படியே நின்றேன், மருந்து போட்டேன். அந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சிரித்தது அதன் பிறகுதான்.

3. பிறகு அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போனார், விளையாட்டிலிருந்தும் போனார். வீட்டைக் காலி செய்கிற அன்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டவர், இங்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருடைய உருவம் அணி வீட்டு வாசலில் சாம்பல் நிறத்தில் உட்கார்ந்த வாக்கில் இருந்தது. அறுபது நாள் வராதவரைத் தங்கள் விதி அணியிலிருந்து நீக்கிவிடும். சக வீரர் ஒருவர் மூலிகைக் காட்டுக்குப் போய் ஒரு கூடை நிறையப் பறித்து வந்து வாசலில் வைத்து ‘இவருக்கு இடம் இருக்கட்டும்’ என்ற பொத்தானை அழுத்தினால் இன்னும் அறுபது நாள் கிடைக்கும். ஒரு கூடை நிறைய ஒரு வாரம் ஆகும். மூன்று வருடத்தில் நான் அதைப் பதினெட்டு முறை செய்தேன். அவரிடம் சொன்னதில்லை.

4. என் கணக்கு 2,098 ஆன அன்று அவர் திரும்பி வந்தார். அன்று தாங்கள் செய்த ஏற்பாடுகளைக் கண்ணால் பார்த்தவள் என்ற முறையில் பதிவு செய்கிறேன். கோட்டை மேல் வாணவேடிக்கை. முரசு. தோளில் தங்க ஓரம் வைத்த இறகுப் போர்வை. தலைக்கு மேல் ‘மீண்டும் ஒளிர்ந்தவர்’ என்ற பட்டம். மறந்த வழியைக் காட்டக் கையில் விளக்கோடு ஓர் ஆள். மூன்று வருடம் விட்டுப்போன பலத்தை ஒரே மடக்கில் ஏற்றும் கஷாயம். இவை போதாதென்று ஒரு வெள்ளைக் குதிரை. என்னுடைய இரண்டாயிரமாவது நாளில் எனக்கு வந்தது ஒரு கருவாடு. ஒரே ஒரு கருவாடு, ஐயா. அதைச் சாப்பிட்டால் கால் மணி நேரம் சளி பிடிக்காது என்று அதன் கீழே எழுதியிருந்தது.

5. குதிரையைக்கூடப் பொறுத்திருப்பேன். பார்வை ஒன்றில் உள்ள கடிதத்தில், “நீங்கள் இல்லாமல் ஏழாம் கோட்டை வெறிச்சோடிக் கிடந்தது” என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் அதைப் படம் எடுத்து எனக்கே அனுப்பினார், பக்கத்தில் சிரிக்கிற முகம் போட்டு. நான் அங்கேதானே இருந்தேன்? வெறிச்சோடிக் கிடந்த இடத்தில் தினமும் ஒன்று பத்துக்கு மணி அடித்தது யார்? இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு அன்று நான் சாப்பிடவில்லை.

6. அணியினரும் தங்களைப் போலவே நடந்துகொண்டார்கள். எங்கள் அணியில் ‘தூங்குமூஞ்சி’ என்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் உண்டு. சண்டையின் நடுவிலேயே குறட்டை விடுபவர். அன்று கண்ணை மூடவே இல்லை. “கதவு வந்தாச்சு, இனிமே கவலை இல்ல” என்றார். இத்தனை நாள் என்ன கவலையோடு இருந்தார் என்று தெரியவில்லை. என் கணவர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, “அண்ணிக்குக் குதிரை குடுத்துட்டாங்களே, உனக்கு?” என்று கேட்டார். அந்த வாரம் அவரோடும் சரியாகப் பேசவில்லை.

7. குதிரையால் பணிக்கும் இடையூறு ஏற்பட்டது. என் மருந்து இருபது அடி வரைதான் போகும். முன்பு அவர் நடந்தார், நான் பின்னால் நடந்தேன். இப்போது அவர் குதிரையில் பாய்கிறார், நான் போர்வையின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே ஓடுகிறேன். ஒரு பாலத்தின் மேல் பூதம் அவரை அடித்து வீழ்த்தியபோது நான் நாற்பது அடி பின்னால் இருந்தேன். “பஞ்சு, மருந்து எங்க?” என்று எல்லாரும் என்னைத்தான் கேட்டார்கள். ஒருவரும் குதிரையைக் கேட்கவில்லை.

8. தங்கள் உதவி மையத்தில் விசாரித்தேன். தொடர்ந்து முப்பது நாள் வராதிருந்து வருபவருக்கு மட்டுமே வரவேற்பு என்று பதில் வந்தது. சரி, அதுதான் விதியென்றால் நானும் போகிறேன் என்று முடிவு செய்தேன். கணக்கு 2,114-இல் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் விளையாட்டைப் போனிலிருந்து நீக்கினேன். இதைப் பொறாமை என்று தாங்கள் கருதினால் நான் மறுக்கப்போவதில்லை.

9. அந்த முப்பது நாட்கள் எப்படிப் போயின என்பது இந்த மனுவுக்குத் தேவையற்றது, எனினும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்று பத்து ஆனால் கட்டைவிரல் தானாக அசைந்தது. ஒரு பள்ளித் தலைமையாசிரியையின் வலக்கண் லென்ஸை இடப்பக்கம் பொருத்தி அனுப்பிவிட்டேன். மறுநாள் வந்து, “மாடிப்படி எல்லாம் சறுக்கு மாதிரி தெரியுதும்மா” என்றார். கடை முதலாளி எனக்கே கண் பரிசோதனை செய்தார். ஒவ்வொரு நாளும் போன் ஒலித்தால், ‘ஏன் வரவில்லை’ என்று கேட்க யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எடுத்தேன். முப்பது நாளும் ஒருவரும் கேட்கவில்லை. ஓரகத்தியும் கேட்கவில்லை. பதினெட்டுக் கூடை, ஐயா. அவர் எனக்கு ஒரு போன் செய்திருக்கலாம்.

10. முப்பத்தோராம் நாள் காலை, கடை திறக்கும் முன்பே பின்னறைக்குப் போய், தலையைக்கூட ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்து, விளையாட்டைத் திறந்தேன். வாணவேடிக்கை இல்லை. முரசு இல்லை. தலைக்கு மேல் 2,144 என்று இருந்தது. ஒரு நாளும் அறுபடவில்லை. என் பெயரில் யாரோ முப்பது நாளும் மணி அடித்திருந்தார்கள். நான் போனதே கோட்டைக்குத் தெரியவில்லை. தூங்குமூஞ்சி என்னைப் பார்த்ததும், “பஞ்சு, பல்வலி தேவலையா? ஒரு மாசமா வாயே தொறக்கலையே” என்று கேட்டார்.

11. மறுநாள் தங்கள் கடிதம் வந்தது. முப்பது நாட்களாக மதியம் ஒன்று பத்துக்கு வேறு ஓர் ஊரிலிருந்து, ஒரு பழைய போன் வழியாக, என் கணக்குக்குள் யாரோ நுழைந்ததாகவும், நான் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும் என்றும் அதில் இருந்தது. ‘கடவுச்சொல் திருடப்பட்டது’ என்றால், நுழைந்தவர் விளையாட்டிலிருந்து நிரந்தரமாக விலக்கப்படுவார். எனக்கு அந்த நாட்கள் வராத நாட்களாகக் கொள்ளப்பட்டு, திரும்பி வந்தவருக்கான முழு வரவேற்பும் வழங்கப்படும். ‘நானே கொடுத்தேன்’ என்றால், என் நாள்கணக்கு அழிக்கப்பட்டு ஒன்றிலிருந்து தொடங்கும், வரவேற்பு கிடையாது. குதிரையின் படத்தையும் பக்கத்தில் போட்டிருந்தீர்கள். அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

12. அந்தப் பழைய போன் யாருடையது என்று எனக்குத் தெரியும். முதல் நாள் அவர் அடித்துக் கொடுத்த கடவுச்சொல்லை ஆறு வருடமாக நான் மாற்றவே இல்லை. புதுப் போன் வாங்கியதும் அந்தப் பழையதை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். கோபத்தோடு போன் செய்து, என்னைக் கேட்காமல் ஏன் உள்ளே போனீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “ரெண்டாயிரம் நாளும்மா. ஒரு நாள் விட்டாக்கூட எல்லாம் போயிடும். உன் கோபம் தீந்து நீ வரும்போது அது அங்க இருக்க வேண்டாமா? நீ எனக்கு மூணு வருஷம் இடம் புடிச்சு வெச்சிருக்கே. வாசல்ல அத்தனை கூடை கெடக்கு, எனக்குக் கண்ணு இல்லையா?” ஒரு போன் செய்திருக்கலாமே என்றேன். “பண்ணியிருந்தா நீ குதிரையப் பத்திப் பேசுவே, நான் சிரிச்சிருவேன், அப்புறம் மூணு மாசம் பேச மாட்டே” என்றார். இது உண்மை.

13. மேலும் விசாரித்ததில் தெரிந்தது: மதிய இடைவேளையில், ஸ்கேன் அறைக்கு வெளியே உள்ள பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு தொடைகளிலும் இரண்டு போன்களை வைத்து, ஒன்றில் தன்னையும் மற்றொன்றில் என்னையும் நடத்தியிருக்கிறார். குதிரையைக் கொட்டிலில் கட்டிவிட்டு நடந்தே போயிருக்கிறார், இல்லாவிட்டால் நான் பின்தங்கிவிடுவேனாம். என் உருவத்தைத் தனக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்தார். பல்வலிக் கதையைப் பரப்பியதும் அவர்தான். ஒரு மாதப் பல்வலியை அணியில் ஒருவரும் சந்தேகிக்கவில்லை என்பது என்னைப் பற்றியோ அவர்களைப் பற்றியோ நல்ல செய்தி அல்ல.

14. தங்கள் கெடுவின் கடைசி நாளாகிய இன்று பதில் அளிக்கிறேன். ஆறு நாளாக இரண்டு கட்டங்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் கட்டத்தின் மேல் விரலை வைத்தும் பார்த்தேன். கடவுச்சொல் திருடப்படவில்லை. நானே கொடுத்தது. சரியாகச் சொன்னால் அவர் எனக்குக் கொடுத்தது, நான் வைத்துக்கொண்டிருந்தேன். 2,152 நாட்களையும் தாங்கள் அழித்துக்கொள்ளலாம். அழிக்கும்போது நான் பார்க்காத நேரமாக அழிக்கவும். கடவுச்சொல்லை உடனே மாற்ற வேண்டும், யாரிடமும் சொல்லக் கூடாது என்ற தங்கள் உத்தரவின்படி மாற்றிவிட்டேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

15. ஆகவே தாங்கள் செய்து தர வேண்டியவை:

‘இரும்புக்கதவு’ என்பவர் மீது எந்த நடவடிக்கையும் கூடாது. அவருக்குக் கொடுத்த குதிரையையும் பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் நான் சந்தோஷப்பட்டதாக அவர் நினைப்பார்.

வராதவர்களை வரவேற்பது போலவே வந்துகொண்டே இருப்பவர்களுக்கும் ஏதாவது செய்ய விதி வகுக்க வேண்டும். வெள்ளைதான் வேண்டும் என்றில்லை, பழுப்புக் குதிரையும் சம்மதம். கருவாடு வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வரவேற்புக் கடிதத்தில் உள்ள அந்த வரியை மாற்ற வேண்டும். ‘நீங்கள் இல்லாதபோது உங்களுக்காக ஒருவர் இடம் பிடித்து வைத்திருந்தார்’ என்று எழுதினால் போதும். பெயர் போட வேண்டியதில்லை. போட்டால் ஆட்சேபம் இல்லை.

16. கடைசியாக ஒன்று. தாங்கள் என் கணக்கை அழித்த பிறகு என் தலைக்கு மேல் ஒன்று என்று இருக்கும். திரும்பி வந்த நாளிலிருந்து விடாமல் அடித்து வரும் அவருடைய கணக்கு இன்றைக்கு ஐம்பத்தைந்து. குதிரையும் அவருக்கு, கணக்கிலும் இனி அவரே மூத்தவர். இதை நினைத்தால் இப்போதே வயிறு எரிகிறது. ஆயினும் நாளை ஒன்று பத்துக்கு வந்துவிடுவேன். அவரும் வருவார். தினமும் எனக்கு முன்னால் தன் மணியை அடித்துவிட்டு, நான் அடிக்கும்வரை அங்கேயே நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இந்த மனுவை முழுவதும் படித்த தங்கள் பொறுமைக்கு என் வணக்கம்.

இடம்: கண்ணாடிக் கடையின் பின்னறை
நாள்: என் மணியின் நாள்கணக்கில் 2,152; தங்கள் நடவடிக்கைக்குப் பின், 1

இப்படிக்கு,
எங்கும் போய்விடாத,
(கையொப்பம்) பஞ்சுமூட்டை