மாமாவுக்கு விசா

ஷார்ஜா, 12.6.1998

அம்மாவுக்கு ஏகாம்பரம் வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் மூட்டுவலி பரவாயில்லையா?

உங்கள் தம்பி தனகோடி மாமா விசா கேட்டு எழுதியிருந்தார். களம்பூர் ஏரியில் எனக்குத் தூண்டில் போடப் பழக்கியவர் ஆயிற்றே, மறுக்க முடியுமா? ஏரியைக் குத்தகை எடுத்தவரின் ஆட்கள் எங்களைப் பிடித்த அன்று, "பையன்தாங்க புடிச்சான், நான் சும்மா பாத்துகினு இருந்தேன்" என்றார். விரால் மீனை என் கழுத்தில் கட்டிக் கடைத்தெருவில் நடக்க விட்டார்கள். மாமா டீக்கடையில் நின்று பார்த்தார். எனக்குப் பதினோரு வயது.

விசா தயாராகிறது என்று பதில் போட்டேன். போட்டோ கேட்டேன், அனுப்பினார். இப்போது பயணச் செலவுக்கென்று பட்டுத்தறியையும் விற்றுவிட்டாராம். "விரால் கவ்வுனா ஒடனே இழுக்காதடா, நூல வுடு, நல்லா முழுங்கட்டும்" என்பார். அப்படியே செய்கிறேன். விசா என்று ஒன்றுமே இல்லை. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

லீவில் ஊருக்கு வந்திருக்கும் என் அறைத்தோழன் பிரின்ஸிடம் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு நீங்கள் போடும் மிளகாய்த்தூளும் கொஞ்சம். கருவாடு வேண்டாம். அந்த வாடை எனக்கு இன்னும் ஆவதில்லை.

கம்பெனி பஸ் வந்துவிட்டது. மாமா கேட்டால், கட்டாயம் வரும் என்று சொல்லுங்கள்.

ஏகாம்பரம்